கணக்கில் வராத சதுர அடிகள்

600 சதுர அடிக்குள் இரண்டு படுக்கையறை. சென்னையில் ஒரு கிரவுண்டிலும் இரண்டு கிரவுண்டிலும் விற்பனைக்காக அடுக்குமாடி கட்டுகிறவர்கள் நம் வாசகர்களிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். மனை விற்கிற விலையில் வீடு சுருங்காமல் இருக்காது. ஆனால் சுருக்குகிற விதம் சரியில்லை. 1,000 சதுர அடி பிளானை எடுத்து ஒவ்வோர் அறையிலும் ஓரடி ஈரடி நறுக்குகிறோம். அப்படியும் இடம் போதாமல் போனால் கடைசியில் கை வைப்பது சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனியில்.

அதற்கு ஒரு காரணம் சட்டம் தந்த அளவுகோல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவில் உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், டக்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேரா. சூப்பர் பில்ட்-அப் என்ற பெயரில் நடந்த மாயக் கணக்குக்கு இது நல்ல கடிவாளம். வீடு பார்க்க வருகிறவரும் இப்போது ‘கார்ப்பெட் எவ்வளவு?’ என்றுதான் ஆரம்பிக்கிறார். விளைவு, பால்கனிக்குப் போகும் ஒவ்வொரு சதுர அடியும் விற்பனைப் பிரிவின் கண்ணுக்கு நட்டமாகத் தெரிகிறது. அதையே ஹாலுக்குள் தள்ளிவிட்டால் கார்ப்பெட் கூடிவிடுகிறதே!

இதே வரையறை நமக்குச் சாதகமாகவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் கார்ப்பெட் 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 1 சதவீதம், மற்ற வீடுகளுக்கு 5 சதவீதம். 60 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 646 சதுர அடி. பால்கனி கார்ப்பெட்டில் சேராததால், அந்த 60 சதுர மீட்டரை முழுதாக அறைகளுக்குக் கொடுத்துவிட்டு 30 அடி சர்வீஸ் பால்கனியை அதற்கு வெளியே வைக்கலாம். பரப்பு வரம்பு மீறப்படாது. நகரின் நடுப்பகுதியில் 45 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை என்பது நடக்காத காரியம், உண்மைதான். புறநகரில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

அந்த 30 அடி இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் குடியேறி ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தெரியும். வாஷிங் மெஷின் குளியலறைக்குள் போய், கதவைப் பாதிக்கு மேல் திறக்கவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டியிருப்பார்கள். துடைப்பம், மாப், காலி சிலிண்டர் எல்லாம் வாசற்கதவுக்குப் பின்னால். ஏ.சி.யின் வெளி யூனிட் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து அனல் கக்கும். பெரிய வீட்டில் இவை ஏதோ ஒரு மூலையில் அடங்கிவிடும். சின்ன வீட்டில் அந்த மூலையை வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். நாலடி ஆழமும் ஏழடி நீளமும் போதும்: மெஷினுக்கு ஈரடிக்கு ஈரடி, பாத்திரம் தேய்க்க ஒரு தொட்டி, தலைக்கு மேல் இழுத்து ஏற்றும் துணிக்கொடி.

அறைகளுக்குள்ளும் இதே கதைதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இரண்டு அறைகள் இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. 10 அடிக்குப் பத்தரை அடி அறை முதல் அளவைத் தாண்டிவிடும். ஆனால் ஆறரை அடி நீளக் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் ஈரடி ஆழ அலமாரி வைத்தால் மிஞ்சுவது ஈரடி. ஒன்றரை அடிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. நகர்த்துக் கதவா, அலமாரிக்கு வேறு சுவரா என்பதை வரையும்போதே முடிவு செய்ய வேண்டும். அது இன்டீரியர்காரர் தலையில் கட்டுகிற வேலை அல்ல. பிரோஷர் பிளான்களில் கட்டில் உண்டு, சோபா உண்டு, பூந்தொட்டிகூட உண்டு. பீரோவை மட்டும் காணோம்.

ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்சுவரின் மொத்த நீளம் 60 அடி என்று வைத்துக்கொண்டால், 9 அங்குலச் சுவர் 45 சதுர அடியைத் தின்கிறது. நாலரை அங்குலச் சுவர் அதில் பாதியை. உட்சுவரும் கார்ப்பெட்டில் சேர்வதால் காகிதத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சுவரை மெலிதாக்கிவிட்டு 9 அங்குலத் தூணை அறைப் பக்கம் துருத்தவிட்டால் பீரோ மூலையில் உட்காராது. தூண்களின் இடம் முடிவாகும் கூட்டத்தில் கட்டில், அலமாரி வரைந்த தாள் மேஜையில் இருக்கட்டும்.

இரண்டாவது குளியலறை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சந்தை கேட்கிறது, கொடுங்கள். ஆனால் இரண்டையும் படுக்கையறைக்குள் வைத்துவிடாதீர்கள். ஊரிலிருந்து வந்து தங்கும் மாமியாரும் ஒரு குளியலறைக்குப் போக வேண்டும்.

சர்வீஸ் பால்கனி என்றாலே கசிவு என்று பயப்படும் பில்டர்கள் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அதே 2016 சட்டம். ஆனால் மெஷினைக் குளியலறைக்கு அனுப்பினாலும் தண்ணீர் தண்ணீர்தான். பால்கனியில் தளத்தை வாசற்படிக்கு இரண்டு அங்குலமாவது கீழே இறக்கி, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றி, ஓடு பதிக்கும் முன் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீரும்.

60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்குள் நீங்கள் வரைந்து, கட்டி, ஆட்கள் குடியேறிய வீடுகளின் பிளான்களை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். பீரோ, வாஷிங் மெஷின், சிலிண்டர், துணிக்கொடி நான்கும் அளவோடு குறிக்கப்படாத பிளான்களைப் பரிசீலிக்க மாட்டோம்.