இட ஒதுக்கீடும் தட்டெழுத்துப் பரீட்சையும்

இந்திய உச்ச நீதிமன்றம் தனது சொந்த அலுவலக ஊழியர்களின் நியமனத்திலும் பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு 15 வீதத்தையும் பழங்குடியினருக்கு 7.5 வீதத்தையும் ஒதுக்கும் ஒழுங்குமுறையை 2025 ஜூன் 23 ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்தியது. அடுத்த சில நாட்களில் ஊழியர் விதிகள் திருத்தப்பட்டு, ஏனைய பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் மாற்றுத்திறனாளிகளும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். அவ்வேளையில் பிரதம நீதியரசராக இருந்த பி.ஆர். கவாய், தலித் சமூகத்திலிருந்து அப்பதவிக்கு உயர்ந்த இரண்டாமவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அரச பதவிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு செய்ய இடமளித்தது. 1992 இல் மண்டல் வழக்கில் 27 வீத ஒதுக்கீட்டை ஏற்று, மொத்த ஒதுக்கீட்டுக்கு 50 வீத உச்ச வரம்பை விதித்ததும் இதே நீதிமன்றம்தான். ஆயினும் அந்நீதிமன்றத்தின் ஊழியர் நியமனம் 146 ஆம் உறுப்புரையின்படி பிரதம நீதியரசரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகும். ஊருக்கு உரைத்த நியாயம் தன் வீட்டு முற்றத்தை முறைப்படி வந்தடைய 75 ஆண்டுகள் சென்றன.

எனினும், கதவு திறக்கப்பட்டுவிட்டதாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிட்டதாகக் கருத முடியாது. 2025 இன் தொடக்கத்தில் அந்நீதிமன்றம் 241 கனிஷ்ட நீதிமன்ற உதவியாளர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியது. பட்டப்படிப்பு, கணினி அறிவு ஆகியவற்றுடன், கணினியில் நிமிடத்துக்கு 35 ஆங்கிலச் சொற்களைத் தட்டெழுதும் வேகமும் அதற்கான தகைமைகளாகும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 10,500 விசை அழுத்தங்கள் என்பது இதன் பொருள்.

இந்தத் தேர்வு அளப்பது திறமையை மட்டுமா? வீட்டில் கணினி உள்ளவரும் ஆங்கில வழியில் பயின்றவரும் இதனை எளிதில் கடந்துவிடுவர். தட்டெழுத்து நிலையமே இல்லாத கிராமத்தில் தாய்மொழி வழியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் தலைமுறையினருக்கு இது பெருஞ்சுவராகவே இருக்கும். ஒதுக்கீட்டின் கீழ் விண்ணப்பிப்போருக்கு வயதெல்லையில் சலுகை உண்டு. ஆனால், வயதெல்லைச் சலுகை விரல்களுக்குப் பயிற்சியைத் தந்துவிடாது.

அப்படியாயின் வேகத்தின் அளவைக் குறைத்துவிடலாமா என்ற கேள்வி எழும். அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம். பிணை உத்தரவில் ஒரு பெயர் பிழைத்தால் ஒருவர் மேலும் சில நாட்கள் சிறையில் இருக்க நேரிடும். சாட்சியத்தில் ஒரு திகதி மாறினால் வழக்கின் போக்கே மாறிவிடும். இத்தகைய பிழைகளால் முதலில் பாதிக்கப்படுபவர், பிரதியொன்றைப் பெற்றுச் சரிபார்க்க வசதியற்ற ஏழை வழக்காளியே. எவருக்காக ஒதுக்கீடு செய்யப்படுகின்றதோ, அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களே அவ்வரிசையில் அதிகமாக நிற்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனவே அளவுகோலைத் தாழ்த்துவதை விட, அதனை எட்டுவதற்கான படியை அரசு அமைத்துக் கொடுப்பதே பொருத்தமானதாகும். எழுத்துப் பரீட்சையில் தெரிவானோருக்குச் சில மாத காலப் பயிற்சியைக் கொடுப்பனவுடன் வழங்கி, அதன் பின்னர் வேகத்தைச் சோதிப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

இட ஒதுக்கீடு என்ற சொல் எமது வாசகர் பலருக்கு 1970 களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலை நினைவூட்டுவது இயல்பே. ஆயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. தரப்படுத்தல் பரீட்சை எழுதிய மொழியை வைத்து வெட்டுப்புள்ளியை வேறுபடுத்தித் தொடங்கியது. இந்திய ஒதுக்கீடோ தலைமுறை தலைமுறையாகக் கல்வியும் பதவியும் மறுக்கப்பட்டவர்களுக்கான பரிகாரமாகும்.

இருப்பினும் இந்திய அனுபவம் எமக்கும் ஒரு பாடத்தைத் தருகின்றது. எமது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. வடக்கு, கிழக்கில் தமிழிலேயே ஏடுகள் பேணப்பட வேண்டும். மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் அவை தயாரிக்கப்பட வேண்டும். கண்டியிலோ களுத்துறையிலோ சிங்களத்தில் நடைபெறும் வழக்கை விளங்கிக்கொள்ள இயலாத தமிழரும் முஸ்லிமும் அரசின் செலவில் மொழிபெயர்ப்பைப் பெற உரித்துடையவர்கள். ஏட்டிலுள்ள இந்த உரிமைகள் யாவும் இறுதியில் தமிழில் பிழையற எழுதும் ஓர் இலிகிதரிலும், இரு மொழியும் அறிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரிலுமே தங்கியுள்ளன. அவர் இல்லாதவிடத்து வழக்குத் தவணை தள்ளிப்போகும்; விளக்கமறியல் நீளும்.

ஆகவே, நீதிமன்ற ஆளணியில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கேட்பதுடன் நாம் நின்றுவிடக் கூடாது. அவர்களுக்கான தமிழ்த் தட்டெழுத்து, சுருக்கெழுத்து, மொழிபெயர்ப்புப் பயிற்சி எங்கே என்றும் கேட்க வேண்டும். பங்கு கேட்பது நியாயம். அந்தப் பங்கை வகிப்பதற்கான பயிற்சியையும் சேர்த்துக் கேட்பதே அந்நியாயத்தை முழுமையாக்கும்.