ஓப்பனிங் ஸ்டாக் இல்லாத பள்ளிக்கூடக் கணக்கு

நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், தமிழ்ச் சங்கப் பொங்கலோ கல்யாண வரவேற்போ, சாப்பாட்டுத் தட்டு கைக்கு வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கொட்டுறான் தெரியுமா சார்? அதுல கால்வாசி ஃபீஸ் வாங்குற பிரைவேட்காரன் ரிசல்ட் காட்டுறான். இழுத்து மூடிட்டு அந்தக் காசைப் பெத்தவங்க கையில கொடுத்துடலாம்."

இருபது வருஷமாக வங்கியில் அடுத்தவர் லாப நட்டக் கணக்கைப் படித்துச் சோறு தின்கிறவன் நான். ரூபாய்க்கு என்ன பலன் என்று கேட்பது தப்பே இல்லை, கேட்டே ஆகவேண்டும், நம்ம வரிப்பணம். ஆனால் இவர்கள் இந்த வகுத்தல் கணக்கைப் போடுகிற லட்சணத்துக்கு பி.காம். முதல் வருஷத்திலேயே அரியர் விழுந்திருக்கும்.

மார்ச்சில் வருகிற மார்க் வெறும் குளோசிங் ஸ்டாக். ஓப்பனிங் ஸ்டாக்கைக் கழிக்காமல் லாபம் சொல்கிற வியாபாரிக்கு எந்த வங்கியாவது கடன் கொடுக்குமா? சேர்க்கைக்குப் பிள்ளையையும் பெற்றோரையும் சல்லடை போட்டுச் சலிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அப்பா என்ன வேலை, அம்மா என்ன படிப்பு என்ற விசாரணையைச் சந்திக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒன்பதாவதில் திணறுகிற பையனைக் கூப்பிட்டு 'வேற ஸ்கூல் பாருங்க' என்று டி.சி. கொடுத்துவிட்டுப் பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி! அது கொள்முதல் சாமர்த்தியம் ஐயா, கற்பித்த லாபம் இல்லை.

கீழே இருக்கிற எண்ணும் அப்படித்தான். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 60 பேர் இருந்த பள்ளியில் 40 பேர் வெளியேறினால், ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்யாமலே தலைக்கு ஆகும் சம்பளச் செலவு மூன்று மடங்கு! உடனே 'பாருங்கள் ஊதாரித்தனம்' என்பார்கள். நான் இருக்கும் உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க உத்தரவு வந்தது. கணக்கில் செலவு குறையும். கூட நடந்து போகும் தூரத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

தனியார் பக்கம் பாதிச் செலவு கணக்கிலேயே வருவதில்லை. 2025-இல் மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்குக் குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 2,863 ரூபாய் செலவழிக்கிறது. மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். மொத்த மாணவர்களில் 27 சதவீதம் பேர் தனியாக டியூஷன் போகிறார்கள். சாயங்காலம் டியூஷன் மாஸ்டர் உழைக்கிறார், காலையில் பள்ளிக்கூடம் பேனர் கட்டுகிறது.

சரி, நியாயமாக ஒப்பிட்டால்? ஆந்திர கிராமங்களில் 2008 முதல் நாலு வருஷம் செய்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் குலுக்கல் முறையில் சில ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி, குலுக்கலில் விடுபட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்பும் ஒன்றுதான். இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினார்கள். ஆனால் தனியாருக்கு ஆன செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. (தனியார் ரசிகர்கள் முதல் பாதியை விழுங்குவார்கள், சங்கத்துக்காரர்கள் இரண்டாம் பாதியை.) செலவு குறைந்ததற்குப் பெரிய காரணம் ஆசிரியர் சம்பளம். நம் வீட்டுப் பெண் பி.எட். முடித்துவிட்டு அந்தச் சம்பளத்துக்குப் போனால் சும்மா இருப்போமா?

அதற்காகச் சம்பளத்தை ஏற்றினால் படிப்பு தானாக ஏறிவிடும் என்பதும் பொய். இந்தோனேஷியாவில் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். பிள்ளைகளின் படிப்பு அசையவில்லை என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்தபின் பிள்ளைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல முடிந்ததே, அதே பிள்ளைகளை முன்னும் பின்னும் சோதித்ததால்தான்.

நாடு முழுக்க அப்படிச் செய்யவேண்டும் என்பதுதான் என் சண்டை. ஜூனில் ஒரு சோதனை, மார்ச்சில் ஒரு சோதனை, அதே பிள்ளைக்கு. அரசுப் பள்ளியோ தனியாரோ, வித்தியாசத்தை வெளியிடு. குடும்பம் போட்ட காசையும் செலவில் சேர். இங்கே யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. பீசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலமும் எழுதி, 74 இடங்களில் கிர்கிஸ்தானுக்கு மட்டும் முன்னால் நின்றன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி ஒதுங்கினார்கள். 2012, 2015, 2018, 2022 எந்தச் சுற்றிலும் இந்தியா இல்லை. ஆடிட் ரிப்போர்ட் மோசம் என்று ஆடிட்டரையே நிறுத்திய கதை.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டாப்பர் படத்தைக் காட்டும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். இந்த பேட்ச்சில் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாவது எழுதியது எத்தனை பேர் என்று.