இறுதி விருப்பத்தை இன்றே கேட்டறிவோம்

நம் இல்லங்களில் நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரை நோக்கி மன்றாடுகிறோம். செபம் முடிந்ததும், சாவைப்பற்றிப் பேசுவது அபசகுனம் என்று வாய்மூடிக்கொள்கிறோம். விளைவு என்ன? நள்ளிரவில் 108 ஊர்தி, ஆலங்குடியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ ஒரு முதியவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவருகிறது. "செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா?" என்று மருத்துவர் வினவுகிறார். மூத்த மகன் சிங்கப்பூரில். இளையவர் கலங்கி நிற்கிறார். தந்தையின் விருப்பம் எவருக்கும் தெரியாது.

இந்நிலையையே ஆய்வுப்பொருளாகக் கொண்டவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகர அவசர சிகிச்சை மருத்துவர் கேய் ஓவுச்சி. அவர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவசரப் பிரிவில் சுவாசக் குழாய் பொருத்தப்பெற்ற, 65 வயது நிறைந்த முதியோருள் மூவரில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தனர். 90 வயதைக் கடந்தோருள் பாதிப்பேர். கருவி பலரைக் காக்கிறது, எல்லாரையும் அன்று. எனவே, நோயாளர் பேசக்கூடிய நிலையிலேயே அவருடைய விருப்பத்தைக் கேட்டறிய வேண்டுமென்று அவர் உழைத்து வருகிறார்.

நம் நாட்டில், இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. நடைமுறை கடினமாயிருந்ததால், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் முறையிட, 2023 ஜனவரி 24 அன்று அது எளிதாக்கப்பட்டது. இப்போது இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரிடம் சான்று பெற்றாற் போதும். நமக்காக முடிவு சொல்லவேண்டிய உறவினரின் பெயரையும் அதிற் குறிக்கவேண்டும். விரும்பினால் பின்னர் மாற்றவும் செய்யலாம்.

இது கருணைக்கொலை ஆகாதோ என்று சிலர் அஞ்சலாம். பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1957-லேயே, உயிர்காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுவதே கடமை, அளவுகடந்த பாரமான வழிகள் கட்டாயமல்ல என்று மருத்துவர்களுக்கு விளக்கினார். 1980-இல் திருச்சபை அதனை உறுதிப்படுத்திற்று. உயிரைப் போக்குவது பாவம். பயனற்ற சிகிச்சையைத் தவிர்த்து இறைவனின் அழைப்புக்குப் பணிவது பாவமன்று. எனினும், உணவும் நீரும், வலி தணிப்பும், அன்பான பணிவிடையும் இறுதிவரை நாம் செலுத்தவேண்டிய கடன்.

ஆகவே, வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும் பெரியவரின் அருகே அமர்வோம். "அப்பா, உங்களால் பேச இயலாமற் போனால் நாங்கள் என்ன செய்யவேண்டும்? சுவாமியாரை எப்போது அழைக்கவேண்டும்?" என்று பணிவோடு கேட்போம். அவர் சொல்வதைப் பிள்ளைகள் யாவரும் அறியட்டும். அந்த ஒரு மணி நேர உரையாடல், பின்னொரு நாள் பிள்ளைகளுக்குள் எழக்கூடிய பிணக்கையும், ஆயுள் முழுதும் உறுத்தும் மனச்சுமையையும் தவிர்க்கும்.