நீரைப் பிரிக்கும் நுண்துகள்

சென்ற வாரம் வகுப்பில் மாணவன் ஒருவன், “ஐயா, நீரிலிருந்து ஐதரசனைப் பெற மின்சாரம் ஏன்? வெயில் மட்டும் போதாதா?” என்று வினவினான். அரை நூற்றாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளை உறங்கவிடாத வினா அது.

1972ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்திலுள்ள தைத்தேனியம் ஈரொட்சைட்டை ஒருமுனையிலும் பிளாற்றினத்தை மறுமுனையிலும் வைத்து, முன்னதன்மீது ஒளியைப் பாய்ச்சியபோது நீர் பிரிந்தது.

அவ்வெள்ளைப் பொருள் ஒரு குறைகடத்தி. ஒளி பட்டதும் அதனுள் இலத்திரன் ஒன்று கிளர்ந்தெழுகின்றது. அது விட்ட இடம் துளையாகின்றது. இலத்திரன் ஐதரசனையும், துளை ஒட்சிசனையும் உண்டாக்க வல்லன. ஆனால், பிரிந்த இரண்டும் கணப்பொழுதில் மீண்டும் கூடிவிட, பெற்ற ஒளி வெப்பமாய் வீணாகின்றது. எனவே, வெறுந் தூளை நீரிலிட்டு வெயிலில் வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கேதான் உலோகம் துணைக்கு வருகின்றது. தூளின்மேல் நூற்றுக்கு ஒரு பங்களவு பிளாற்றினம் படிந்தாலே போதும். அத்துகள்கள் இலத்திரனைக் கவர்ந்து துளையிலிருந்து விலக்கி வைக்கின்றன. ஐதரசன் அணுக்கள் இணைந்து வாயுவாவதற்குத் தளமாகவும் அமைகின்றன.

ஆயினும், கொடுக்கும் கையே பறிக்கவும் கூடும். ஐதரசனும் ஒட்சிசனும் மீண்டும் கூடி நீராவதற்கும் பிளாற்றினம் சிறந்த ஊக்கியாகும். இத்தீங்கைத் தவிர்க்க, டொமென் என்னும் பேராசிரியரின் குழுவினர் 2006இல் உரோடியத் துகளுக்குக் குரோமியம் ஒட்சைட்டால் மெல்லிய உறையிட்டனர். ஒட்சிசன் அவ்வுறையைக் கடந்து உலோகத்தை அடைய இயலாது. ஐதரசன் தடையின்றி வெளியேறும்.

2020இல் இவ்வழியை மேலும் செம்மைப்படுத்தி, ஊதாக்கடந்த ஒளியின் ஒரு பகுதியில் நூற்றுக்கு 96 வரையான பயனைக் கண்டனர். மறுவருடம் 100 சதுர மீற்றர் பரப்பில் வெயிலில் இயங்கிய அமைப்பின் விவரம் வெளிவந்தது. அங்கோ, ஞாயிற்றின் சக்தியில் ஐதரசனாக மாறியது அதிகபட்சம் நூற்றுக்கு 0.76 பங்கே! காரணம் எளிது: வெயிலில் ஊதாக்கடந்த ஒளி மிகச் சிறு பங்கே. கண்ணுக்குப் புலனாகும் பேரொளியை இப்பொருள் ஏற்பதில்லை.

“வெயில் போதும், தம்பி; அதனை முழுவதும் வாங்கிக்கொள்ளும் பொருளைத்தான் இன்னும் தேடுகின்றோம்” என்றேன். அவன் அதனைக் குறித்துக்கொண்டான்.