யானைக்கு ஏழு கோடியா?



கோவை மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாமல் இருக்க 7 கோடியே 24 லட்சம் ரூபாய் செலவில் கருவிகள் வைத்திருக்கிறார்கள் என்று அறிவியல் வகுப்பில் பேச்சு வந்தது. உடனே எங்க வகுப்பில் பாதிப் பேர், "யானைக்குப் போய் ஏழு கோடியா? அந்தக் காசுல எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டலாம்!" என்றார்கள். கழிப்பறை கட்டாயம் வேணும்தான். அதற்காக யானையின் காசைப் பிடுங்கணுமா? என்னைக் கேட்டால் இது வீண் செலவே இல்லை.

மதுக்கரை எங்கேயோ இருக்கு, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. 2021 நவம்பர் 26 ராத்திரி அங்கே மூன்று யானைகள் மேல் மோதியது மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ரயில். அதில் ஒரு யானையின் வயிற்றில் குட்டி இருந்தது. கோவையிலிருந்து சென்ட்ரல் போகிற ரயில்கள் நம்ம ஆவடி, அம்பத்தூரைத் தாண்டித்தானே போகுது? நாம கேட் பக்கத்தில் நின்று டாட்டா காட்டுற ரயில்கள்தான் அந்தக் காட்டு வழியாகவும் வருது.

2008-லிருந்து அந்தப் பகுதியில் 11 யானைகள் இப்படிச் செத்திருக்கு. பிறகுதான், 2024 பிப்ரவரியில், தண்டவாளம் ஓரமாக 12 கோபுரங்கள் வந்தன. அதில் இருக்கிற வெப்பக் கேமரா உடம்புச் சூட்டை வைத்துக் கும்மிருட்டிலும் யானையைக் கண்டுபிடிக்கும். வருவது மாடா யானையா என்று கம்ப்யூட்டரே பிரித்துப் பார்க்கும். யானை தண்டவாளத்தை நெருங்க நெருங்க எச்சரிக்கையின் நிறம் மாறும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் ரயில்வேக்குச் சொல்வார்கள், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு யானைகூட ரயிலில் அடிபட்டுச் சாகவில்லை என்று 2025-ல் வனத்துறை சொன்னது.

இந்த யோசனை புதுசும் இல்லை. 2002-லேயே அமெரிக்காவில் கிரேட் டக் என்ற தீவில், பெட்ரல் என்ற கடல்பறவையின் வளைக்குள் தீப்பெட்டி மாதிரிச் சின்னக் கருவிகளை வைத்தார்கள். வளைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது ரேடியோ வழியாகச் சொல்லும். ஆள் போய் எட்டிப் பார்த்தால் பறவை பயந்து முட்டையை விட்டுட்டு ஓடிடுமாம்!

"மனுஷங்களும்தான் தண்டவாளத்தில் அடிபடுறாங்க, நமக்கு யார் கோபுரம் வைக்கிறாங்க?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் நமக்குப் போர்டு படிக்கத் தெரியும், கேட் போட்டால் நிற்கத் தெரியும். (நிற்கிறோமா என்பது வேற விஷயம்!) யானைக்கு அது தெரியாது. அந்தத் தண்டவாளம் 1860-களில் வந்தது. யானையோ அதற்கு முன்னாலிருந்தே அந்த வழியில் நடக்குது. குறுக்கே போனது நாமதான்.

எனக்குக் கோபம் காசு மேல் இல்லை, தாமதத்தின் மேல்தான். 11 யானை சாகும் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? கோபுரம் வைத்தாச்சு என்று காவலர்களைக் குறைக்கவும் கூடாது. கேமரா பார்க்கும், சொல்லும், அவ்வளவுதான். யானையைத் திருப்பி விட ராத்திரியில் காட்டில் ஆள் நிற்கணும். யானை தண்டவாளத்தைக் கடக்கிற மற்ற இடங்களிலும், அடுத்த யானை அடிபடுவதற்கு முன்னாலேயே இதை வைக்கணும்.

"யானைக்கு எதுக்கு" என்று கேட்டவர்கள் பதில் எழுதுங்கள். இந்தத் தாளின் அடியில் உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி