காம்பியா: அயல்நாட்டில் பதவியேற்பு, உள்நாட்டில் கொண்டாட்டம்

2017 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் தேதி மாலை, மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் புதிய அதிபராக அடாமா பாரோ பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சடங்கு காம்பிய மண்ணில் நடக்கவில்லை. அண்டை நாடான செனகலின் தலைநகர் டக்காரில், காம்பியத் தூதரகத்தின் சிறியதோர் அறையில், தூதர்களும் அதிகாரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, சில நிமிடங்களில் அது முடிந்துவிட்டது. அணிவகுப்பு இல்லை, பீரங்கி முழக்கம் இல்லை. காம்பியக் குடிமக்களில் ஆகப் பெரும்பாலானோர் அதனைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலுமே கண்டனர்.

அந்தச் சில நிமிடங்களுக்கு முன்புவரை தலைநகர் பஞ்சுலும் அதனையடுத்த பெரிய நகரமான செரகுண்டாவும் வெறிச்சோடிக் கிடந்தன. கடைகள் மூடப்பட்டிருந்தன. பதவி விலக மறுத்த யாஹ்யா ஜாமே அவசரநிலையை அறிவித்திருந்தார். எல்லையில் அண்டை நாடுகளின் படைகள் நின்றிருந்தன. பிரமாணம் முடிந்ததுதான் தாமதம், வீடுகளிலிருந்து மக்கள் வெளியே வந்தார்கள். கைராபா அவென்யூ என்ற பெருஞ்சாலையில் கார்கள் ஒலியெழுப்பியபடி ஓடின, இளைஞர்கள் ஆடிப்பாடினார்கள். கைராபா என்றால் மாண்டிங்கா மொழியில் அமைதி என்று பொருள். அன்று மாலை அந்தச் சாலையில் அது மட்டும் இருக்கவில்லை. படையினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலையிடவில்லை.

மறுநாள் உலகின் ஒளிப்படக் கருவிகள் அனைத்தும் வாஷிங்டன் பக்கம் திரும்பின. டொனால்டு டிரம்ப்பின் பதவியேற்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது பற்றி வெள்ளை மாளிகையும் ஊடகங்களும் நாட்கணக்கில் சண்டையிட்டுக்கொண்டன. அந்தச் சந்தடியில் காம்பியாவின் செய்தி சீக்கிரமே பின்னுக்குப் போனது. ஆயினும், ஒரு புதிய அதிபர் பதவியேற்கும்போது சாதாரணக் குடிமக்கள் காட்டும் மகிழ்ச்சிக்கு என்ன பொருள் என்பதை அறிய விரும்புபவர்கள், வாஷிங்டனை விடப் பஞ்சுலையே கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. ஏனெனில் அங்கு கூட்டம் விழா நடந்த இடத்தில் இல்லை. அழைக்கப்பட்டு வந்த கூட்டமும் அல்ல. வெளியே வருவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்று அறிந்தே வந்த கூட்டம் அது.

காம்பியா, ஒரு நதியின் இரு கரைகளையும் ஒட்டி நீண்டுகிடக்கும் சின்னஞ்சிறு நாடு. கடல் நீங்கலாக எல்லாப் பக்கமும் செனகல்தான். பிரிட்டனிடமிருந்து 1965 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் தேதி விடுதலை பெற்ற பிறகு, தேர்தல் மூலம் ஆட்சித் தலைமை கைமாறியதே இல்லை. முதல் தலைவர் தாவ்தா ஜவாராவை 1994 ஜூலையில் இராணுவப் புரட்சியின் மூலம் அகற்றி, ஜாமே ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு வயது 29. அதன்பின் 22 ஆண்டுகள். எய்ட்ஸ் நோயைத் தன்னால் குணப்படுத்த முடியும் என்று 2007 இல் அறிவித்தவர் அவர். இறைவன் விரும்பினால் நூறு கோடி ஆண்டுகள் ஆள்வேன் என்று பேட்டியில் சொன்னவரும் அவரே. வெளியுலகில் இவை வேடிக்கையாகப் பேசப்பட்டன. உள்நாட்டில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. 2000 ஏப்ரலில் மாணவர் ஆர்ப்பாட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2004 டிசம்பரில் செய்தியாளர் தெய்தா ஹைதாரா சுட்டுக்கொல்லப்பட்டார். 2016 ஏப்ரலில் தேர்தல் சீர்திருத்தம் கோரித் தெருவில் இறங்கிய எதிர்க்கட்சிச் செயல்பாட்டாளர் சோலோ சாண்டெங் காவலில் உயிரிழந்தார். அதனைக் கண்டித்துப் போராடிய எதிர்க்கட்சித் தலைவர் உசைனு தார்போவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தலைவர் சிறையில் இருந்ததால்தான் பாரோ வேட்பாளரானார் என்பது இங்கு முக்கியம். அவர் நில, வீட்டு மனை வணிகர்; ஒரு காலத்தில் லண்டனில் கடைக் காவலாளியாக வேலை பார்த்தவர். 2016 க்கு முன்பு நாட்டில் அவரை அறிந்தவர்கள் குறைவு. எதிர்க்கட்சிகள் கூட்டாக நிறுத்திய பொது வேட்பாளர், அவ்வளவே.

காம்பியர்கள் வாக்களிக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தடுமாறாமல் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1960 களில் கொண்டுவரப்பட்ட முறை அது. வாக்காளரின் கையில் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு தரப்படுகிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் தகர உருளை. விரும்பிய உருளையின் துளைக்குள் குண்டைப் போட்டால் உள்ளே ஒரு மணி ஒலிக்கும். ஒருவர் ஒரு தடவைக்கு மேல் போட்டாரா என்பதை வெளியே இருக்கும் அதிகாரிகள் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மணியோசை குழப்பிவிடக் கூடாது என்பதற்காக வாக்குச்சாவடிகளின் அருகே சைக்கிள்களுக்குத் தடை விதிக்கப்படுவதும் உண்டு. 2016 டிசம்பர் முதல் தேதி, இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்ட நிலையில், அந்த மணிகள் ஒலித்தன. திருத்தப்பட்ட இறுதிக் கணக்கின்படி பாரோவுக்கு 2,27,708 வாக்குகள், ஜாமேவுக்கு 2,08,487. வித்தியாசம் 20,000 க்கும் குறைவு.

முதலில் ஜாமே தோல்வியை ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சிக் கருவிகளின் முன் பாரோவைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தும் சொன்னார். மக்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள், அதிபரின் சுவரொட்டிகளைக் கிழித்தார்கள். ஒரு வாரம் சென்று, டிசம்பர் 9 ஆம் தேதி, முடிவை ஏற்கவில்லை என்று அவர் அறிவித்தார். சுவரொட்டியைக் கிழித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த ஆறு வாரங்களில் குடிமக்கள் நடந்துகொண்ட விதம்தான் ஜனவரி 19 ஆம் தேதியின் கொண்டாட்டத்துக்கு விளக்கம் தருகிறது. கலவரம் வெடிக்கவில்லை. மாறாக, "காம்பியா முடிவெடுத்துவிட்டது" என்ற வாசகம் சட்டைகளில் அச்சாகத் தொடங்கியது. அந்த வாசகத்தைத் தாங்கிய விளம்பரப் பலகைகள் அகற்றப்பட்டன, சட்டை விற்றவர்களும் அணிந்தவர்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். ஜனவரித் தொடக்கத்தில் தனியார் வானொலி நிலையங்கள் மூடப்பட்டன. தேர்தல் ஆணையத் தலைவர் தலைமறைவானார். செய்தி, ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வாழும் காம்பியர்கள் வாட்ஸ்அப் வழியாக அனுப்பியதைக் கொண்டுதான் நாட்டுக்குள் பரவியது. தாயகத்தின் நிலவரத்தைக் கடல்கடந்த உறவினரிடமிருந்து கேட்டறிய நேரும் அவலத்தைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர் மூளும் என்ற அச்சத்தில் சுமார் 45,000 பேர் செனகலுக்குள் சென்றதாக ஐ.நா. அகதிகள் முகமை தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிறுவர்கள். ஏறத்தாழ 20 லட்சம் மக்களைக் கொண்ட நாட்டில் இது சிறிய எண்ணிக்கை அல்ல. பாரோவும் பாதுகாப்புக் கருதி ஜனவரி நடுப்பகுதியில் செனகல் சென்றுவிட்டார். அவரது எட்டு வயது மகன் நாய் கடித்து இறந்தபோது, அடக்கத்துக்குக்கூட அவரால் நாடு திரும்ப முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு வந்த பிரமாணம், சட்டப்படி பார்த்தால் ஒரு தூதரக அறையில் ஒரு வழக்கறிஞரின் முன்னிலையில் வாசிக்கப்பட்ட சில வரிகள்தான். அதே நாளில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒருமனதாக பாரோவை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸின் படைகள் எல்லையைத் தாண்டின. ஜாமே வெளியேறியதற்கு இவையே காரணம் என்று இராஜதந்திரிகள் கூறுவது உண்மையே. எனினும், உள்ளூர்ப் படையினர் துப்பாக்கியைத் தூக்காமல் இருந்ததற்குத் தெருவில் இறங்கிய மக்களும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. இது அரசியல் தகராறு, இதற்காகத் தன் வீரர்களைப் பலியிட மாட்டேன் என்ற பொருளில் இராணுவத் தளபதி முந்திய நாளே பேசியிருந்தார். அவர்களின் குடும்பத்தினரும் கைராபா அவென்யூவில் நின்றவர்களின் அக்கம்பக்கத்தார்தானே.

ஆக, அன்று மாலை ஆடியவர்கள் யாரைக் கொண்டாடினார்கள்? பாரோவை என்று எழுதிய பத்திரிகைகள் அவசரப்பட்டுவிட்டன. 43 சதவீத வாக்குகள் பெற்றவர், முன்பின் அறியப்படாதவர், அந்த நேரத்தில் நாட்டிலேயே இல்லாதவர். கூட்டம் கொண்டாடியது தன் கோலிக்குண்டு எண்ணப்பட்டதை. தான் எடுத்த முடிவு, எடுத்தபடியே நின்றதை.

கொண்டாடாதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜனவரி 21 ஆம் தேதி இரவு ஜாமே ஈக்குவடோரியல் கினி நாட்டுக்குப் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் அவரது ஆதரவாளர்கள் அழுதார்கள். அவர் பிறந்த ஃபோனி பகுதியில், அவரது ஜோலா இனத்தவரிடையே, இனி என்ன ஆகுமோ என்ற பயம் நிலவியது. அந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. 2017 ஜூன் மாதம் அவரது சொந்த ஊரான கனிலாயில் எகோவாஸ் படையினரின் இருப்பை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் ஜாமேவுக்கு வாக்களித்திருந்தார்கள். அவர்களும் சாதாரணக் குடிமக்களே.

ஜனவரி 26 ஆம் தேதி பாரோ திரும்பி வந்தபோது விமான நிலையத்திலிருந்து சாலை நெடுகிலும் மக்கள் நின்றார்கள். பிப்ரவரி 18, விடுதலை நாளன்று, பக்காவ் விளையாட்டரங்கில் இரண்டாம் முறையாக, இம்முறை சொந்த மண்ணில், விழா நடந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது. புதிய ஆட்சியில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகும் முடிவு கைவிடப்பட்டது, காமன்வெல்த்தில் நாடு மீண்டும் சேர்ந்தது. சாதாரண மக்களுக்கு இவற்றைவிடப் பெரிதாகப்பட்டது வேறொன்று: வாடகைக் காரிலோ தேநீர்க் கடையிலோ அரசைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

இத்தகைய தருணங்களில் ஆய்வாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் பராக் ஒபாமாவின் பதவியேற்பைக் காண வாஷிங்டனில் 18 லட்சம் பேர் கூடியதாக மதிப்பிடப்பட்டது. கடுங்குளிரில் மணிக்கணக்கில் நின்ற முதிய கறுப்பின அமெரிக்கர்கள் பலர், தங்கள் பெற்றோர் காணாத ஒன்றைக் காணவே வந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் ஒபாமாவின் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தபோது, அந்தக் கூட்டம் ஏமாந்துவிட்டது என்று எழுதினார்கள். கடந்த காலத்தின் கணக்கைத் தீர்க்க வந்த மகிழ்ச்சியை, வருங்காலத்துக்கு எழுதிக் கொடுத்த கடன் பத்திரமாக வாசித்த பிழை அது.

காம்பியாவில் அந்தப் பிழையைச் செய்தவர் அதிபரே எனலாம். மூன்றாண்டுகள் மட்டும் இடைக்கால அதிபராக இருந்துவிட்டு விலகுவதாகக் கூட்டணியில் உடன்பாடு இருந்தது. அரசியல் சட்டம் ஐந்தாண்டு தருகிறது என்று பாரோ பின்னர் வாதிட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் 2019 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர், வொலொஃப் மொழியில் நேரம் வந்துவிட்டது என்று பொருள்படும் "ஜோத்னா" என்ற முழக்கத்துடன் தெருவில் இறங்கினார்கள். 2017 இல் முடிவெடுத்துவிட்டதாகச் சொன்ன அதே தொனி. 2020 ஜனவரி 26 ஆம் தேதி, அதாவது பாரோ நாடு திரும்பி வரவேற்கப்பட்டதற்குச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, காவல்துறை கண்ணீர்ப்புகை வீசி அவர்களைக் கலைத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர், இயக்கம் தடை செய்யப்பட்டது. அதிபர் பதவிக்கால வரம்பைக் கொண்டிருந்த புதிய அரசியல் சட்ட வரைவு அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தோற்றது.

இதைக் கொண்டு 2017 இன் கொண்டாட்டம் வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. உண்மை மற்றும் இழப்பீட்டு ஆணையத்தின் விசாரணைகள் 2019 ஜனவரியில் தொடங்கி நேரலையாக ஒளிபரப்பாயின. சுமார் 400 பேர் சாட்சியமளித்தார்கள். தெய்தா ஹைதாராவைக் கொன்றதில் தனக்குப் பங்குண்டு என்று ஒரு படைவீரர் 2019 ஜூலையில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதை நாடே கேட்டது. சில வாரங்களில் அவரும் வேறு இருவரும் விடுவிக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்டோரின் குடும்பங்கள் கொதித்தன. அந்தக் கொதிப்பை அவர்கள் வெளிப்படையாகவே தெரிவித்தார்கள். அமைதியாக இருக்கும்படி யாரும் அவர்கள் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டவில்லை.

2021 டிசம்பரில் பாரோ 53 சதவீத வாக்குகளுடன் மீண்டும் வென்றார். அதற்கு முன்னதாக ஜாமேயின் பழைய கட்சியின் ஒரு பிரிவோடு அவர் கூட்டுச் சேர்ந்திருந்தார். அக்கட்சியின் மூத்த தலைவர் 2022 ஏப்ரலில் நாடாளுமன்ற சபாநாயகரானார். மறுமாதம், ஜாமே மீது வழக்குத் தொடர வேண்டும் என்ற ஆணையத்தின் பரிந்துரையை இதே அரசு ஏற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் அதற்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு எகோவாஸ் தலைவர்கள் ஒப்புதல் வழங்கினார்கள். 2000 ஏப்ரலில் சுடப்பட்ட மாணவர்களின் பெற்றோர் அந்த ஒப்புதலைக் கேட்க 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.