"மார்க்கெட் இல்ல தம்பி" என்று கைவிரிக்கும் பதிப்பாளர்களுக்கு...

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் 12 சிறுகதை எழுதி வச்சிருக்கான். அவன் தன்பாலீர்ப்பாளன். ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், டவுன் பஸ்ல ஆரம்பிக்கிற ஒரு காதல்... எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வாழ்க்கைதான். போன வருஷம் மூணு பதிப்பகத்துக்கு அனுப்பினான். முதல் இடத்துல பதிலே இல்ல. ரெண்டாவது இடத்துல "40,000 ரூபாய் கட்டுங்க, 300 பிரதி போட்டுத் தர்றோம்"னு சொன்னாங்க. மூணாவது இடத்துல பொறுமையா படிச்சுப் பார்த்துட்டு சொன்ன பதில் இது: "கதை நல்லா இருக்கு தம்பி. ஆனா மார்க்கெட் இல்ல. அந்த ரெண்டாவது பையனை மட்டும் பொண்ணா மாத்திடுங்க, போட்டுடலாம்."

கதை நல்லா இருக்காம். காதலிக்கிற ஆள்தான் சரியில்லையாம்!

மார்க்கெட் இல்லையா? சரி, கணக்குப் பார்ப்போம்.

நாமக்கல் மாவட்டத்துல பிறந்த திருநங்கை அ.ரேவதி தன் வாழ்க்கையை எழுதினாங்க. எழுதினது தமிழ்ல. ஆனா முதல்ல புத்தகமா வந்தது இங்கிலீஷ்ல! வ.கீதா மொழிபெயர்க்க, 2010-ல பென்குயின் போட்டுச்சு. அதுக்கு அப்புறம்தான் 'வெள்ளை மொழி'ன்னு தமிழ்ல வந்துச்சு. தாய்மொழியில எழுதின ஒருத்தரை, தாய்மொழி வாசகன் இங்கிலீஷ்காரனுக்குப் பின்னாடி வரிசையில நின்னு படிச்சிருக்கான். இது யாருக்கு அவமானம்?

லிவிங் ஸ்மைல் வித்யாவோட தன்வரலாற்றை கிழக்கு பதிப்பகம் துணிஞ்சு போட்டுச்சு. அதைப் பாராட்டணும். அந்த வாழ்க்கைக் கதை கன்னடத்துல படமாச்சு. நடிச்ச சஞ்சாரி விஜய்க்கு 2014-ம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைச்சது. எழுதினது தமிழச்சி, படமா எடுத்து விருது வாங்கினது கன்னட சினிமா. மார்க்கெட் இல்லாத சரக்கா இது?

இன்னொரு கொடுமையும் இருக்கு. போடுறேன்னு முன்வர்றவங்க பலபேர் கேட்கிறது ஒரே கதைதான்: வீட்டை விட்டு ஓடினது, அடி வாங்கினது, பிச்சை எடுத்தது, ஆபரேஷன். அதை எழுதவே கூடாதுன்னு சொல்லல. ஆனா ஒரு திருநம்பி துப்பறியும் நாவல் எழுதக் கூடாதா? ஒரு திருநங்கை அறிவியல் புனைகதை எழுதக் கூடாதா? கண்ணீர் விட்டாத்தான் அச்சு ஏறும்னா, அதுக்குப் பேர் ஆதரவு இல்ல, வேடிக்கை பார்க்கிறது.

"இதெல்லாம் இலக்கியமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: 1992-ல பாமாவோட 'கருக்கு' வந்தப்போ அதைப் போட்டது பெரிய பதிப்பகம் எதுவும் இல்ல, மதுரையில இருந்த ஒரு சின்ன ஆய்வு மையம். இன்னைக்கு அது கல்லூரிப் பாடம். நேத்து ஓரமா நின்ன எழுத்துதான் இன்னைக்கு சிலபஸ்.

"இது நம்ம பண்பாடு இல்ல" கோஷ்டிக்கு: சிலப்பதிகாரத்துல மாதவி ஆடின 11 ஆடல்கள்ல பேடிக் கூத்தும் ஒண்ணு. இளங்கோவடிகளை விட நீங்க பெரிய பண்பாட்டுக் காவலரா?

"உண்மையான பேரும் போட்டோவும் பின் அட்டையில போட்டாத்தான் புத்தகம்"னு அடம்பிடிக்கிறவங்களுக்கு: பேர் வெளிய வந்தா வீடும் வேலையும் போயிடும்ங்கிற நிலைமையில பலபேர் இருக்காங்க. ரங்கராஜன்னு ஒரு இன்ஜினியர் தன் மனைவி பேர்ல எழுதினார். அவர்தான் நீங்க கொண்டாடுற சுஜாதா. அவருக்குக் கொடுத்த புனைபெயரை எங்க நண்பனுக்குக் கொடுக்க என்ன தடை?

"கிண்டில்ல போட்டுக்க வேண்டியதுதானே?" போடலாம். ஆனா தான் யாருன்னு புரியாம ராத்திரியெல்லாம் தவிக்கிற பிளஸ் டூ பையன் கிண்டில்ல தேட மாட்டான். அவன் ஊர் நூலகத்துல, அலமாரியில அந்தப் புத்தகம் இருக்கணும். இருந்தா ஒரு உயிர்கூட பிழைக்கலாம்.

இங்கதான் விஷயமே இருக்கு. மார்க்கெட் வானத்துல இருந்து குதிக்கிறது இல்ல. தமிழ்ப் பதிப்பாளர் பலருக்கு லைப்ரரி ஆர்டர்தான் மூச்சு. அந்தக் காசு நாம சொத்து வரியோட சேர்த்துக் கட்டுற 10 சதவீத நூலக வரி. பால்புதுமையரும் வரி கட்டுறாங்க. அவங்க புத்தகத்தை ஏன் வாங்கக் கூடாது?

ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்கள் நூல் வெளியிட அரசு நிதியுதவி தருது. அருமையான திட்டம். திருநங்கைகளுக்கு 2008-லயே நாட்டுலயே முதல்முறையா நலவாரியம் அமைச்ச மாநிலம் இது. பால்புதுமையரை எந்தச் சொல்லால மரியாதையா அழைக்கணும்னு, உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2022-ல சொற்பட்டியலையே அரசிதழ்ல வெளியிட்டோம். சொல் கொடுத்தாச்சு. அந்தச் சொல்லை வச்சு எழுதுற புத்தகத்துக்கு இடம் எப்போ?

கேட்கிறது மூணே விஷயம்:

1. பதிப்பாளர்களே, கதையைப் பார்த்து முடிவு பண்ணுங்க. காசு கேட்காதீங்க, பாத்திரத்தோட பாலினத்தை மாத்தச் சொல்லாதீங்க.

2. நூலகக் கொள்முதல்ல திருநர், பால்புதுமையர் எழுத்துக்கு உறுதியான இடம் வேணும். அதேபோல நூல் வெளியிட நிதியுதவியும் வேணும்.

3. இது நமக்கு. பொன்னாடைக்குப் பதிலா புத்தகம்னு பெருமையா சொல்றோம். ஆனா மேடையில நாம கொடுக்கிறது திரும்பத் திரும்ப அதே நாலு புத்தகம். அடுத்த தடவை மாவட்டச் செயலாளருக்கு ரேவதியோட 'வெள்ளை மொழி' கொடுங்க. பிரியா பாபுவோட 'மூன்றாம் பாலின் முகம்' கொடுங்க. கிரீஷோட 'விடுபட்டவை' கொடுங்க. ஒன்றியத்துக்குப் பத்து பிரதி வாங்கினாலே போதும், "மார்க்கெட் இல்ல"ங்கிற வசனம் செத்துப்போயிடும்.

நண்பன் இன்னும் கதையை மாத்தல. அந்த ரெண்டாவது பையன் பையனாவேதான் இருக்கான். மாற வேண்டியது அவன் இல்ல.

பகிருங்கள் தோழர்களே. நீங்க படிச்ச ஒரு பால்புதுமையர் புத்தகத்தோட பேரை கமெண்ட்ல போடுங்க 👇

#எங்கள்கதையும்தமிழ்தான்
#பொன்னாடைவேண்டாம்புத்தகம்போதும்

- தகவல் தொழில்நுட்ப அணி